கம்பைலர் பேட்ச் ரிவ்யூ: அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

கம்பைலர் பேட்ச் ஒன்றை ரிவ்யூ செய்யும்போது லாஜிக்கை ஒரு கண்ணாலும் பெயர்களை இன்னொரு கண்ணாலும் பார்ப்பது பலருக்குப் பழக்கம். லாஜிக் தப்பு என்றால் பேட்சை நிறுத்துவார்கள். பெயர் தப்பு என்றால் "நிட்" (சில்லறைக் குறை) என்று போட்டுவிட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். ஆப்டிமைசர், அதாவது கோடை வேகமாக்க மாற்றி எழுதும் பகுதி, அதன் கோடில் இந்தப் பிரிவினை சரிப்படாது. அங்கே ஒரு ஃபங்ஷனின் பெயர் என்ன சொல்கிறதோ அதை நம்பித்தான் அடுத்தவர் அதைக் கூப்பிடுகிறார். பெயர் அரைகுறையாகச் சொன்னால், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவருடைய புரோகிராம் சத்தமில்லாமல் தப்பான விடை தரும்.

கீழே இருப்பது அறிகுறி வாரியான வழிமுறை. உதாரணங்கள் எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்திலிருந்து, ஜிசிசி கம்பைலரில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன் கையில் ஒரு சரியான பில்ட் வேண்டும். "எல்எல்விஎம்_எனேபிள்_அசெர்ஷன்ஸ்" (கம்பைலரின் உள்சோதனைகளை இயக்கும் ஆப்ஷன்) ஆன் செய்த பில்ட் இல்லாமல் ரிவ்யூ செய்வதில் அர்த்தமில்லை. பிழை நடந்த இடத்திலேயே நிற்க வேண்டிய கம்பைலர், அது இல்லாவிட்டால் பத்து பாஸ் (கோடை மாற்றும் தனித்தனிக் கட்டம்) தள்ளிப் போய் வேறெங்கோ விழும். இதோடு அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி, சுருக்கமாக ஏசான்) போட்ட பில்ட் ஒன்றையும் தனி டைரக்டரியில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இடம் போகும், போகட்டும்.

அறிகுறி: -ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) சரி, -ஓ2 (ஆப்டிமைசேஷனோடு) தப்பான விடை

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இதுதான். கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை, விடை மட்டும் தப்பு.

முதலில் குற்றவாளி கம்பைலர்தானா என்று உறுதி செய்யுங்கள். அந்த புரோகிராமை யுபிசான் (வரையறுக்கப்படாத செயல்களைப் பிடிப்பது), ஏசான், எம்சான் (ஆரம்ப மதிப்பு இல்லாத மெமரியைப் பிடிப்பது) மூன்றையும் தனித்தனியாகப் போட்டு ஓட்டுங்கள். சைன்டு ஓவர்ஃப்ளோவோ, வரம்பு தாண்டிய ஷிஃப்டோ, ஆரம்ப மதிப்பு இல்லாத வேரியபிளோ இருந்தால் தப்பு புரோகிராமில்தான், அந்த வழக்கை அங்கேயே மூடிவிடலாம்.

சுத்தம் என்று தெரிந்த பிறகு எந்த பாஸ் என்று தேடுங்கள். கிளாங்குக்கு (எல்எல்விஎம்மின் சி/சி++ கம்பைலர்) "-எம்எல்எல்விஎம் -ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்=-1" கொடுத்தால் ஓடும் ஒவ்வொரு பாஸையும் எண்ணோடு அச்சிடும். அந்த எண்களில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போங்கள். 5000 வரி வந்தாலும் 13 முறை ஓட்டினால் ஒற்றை பாஸில் வந்து நிற்கும். அது இன்ஸ்ட்கம்பைனாக (இன்ஸ்ட்ரக்ஷன்களை எளிதாக்கும் பாஸ்) இருந்தால் வேலை முடியவில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான மாற்று விதிகள் இருக்கின்றன. அங்கே "-டீபக்-கவுண்டர்" ஆப்ஷனில் "இன்ஸ்ட்கம்பைன்-விசிட்" கவுண்டரை வைத்து இன்னொரு சுற்று வெட்டுங்கள்.

அடுத்து சோர்ஸைச் சுருக்குவது. சி கோடுக்கு சிவைஸ், ஐஆருக்கு (கம்பைலரின் இடைநிலை மொழி) எல்எல்விஎம்-ரெட்யூஸ். இதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சுருக்கும் கருவிக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்டில் "-ஓ0 விடையும் -ஓ2 விடையும் வேறு" என்று மட்டும் எழுதினால், கருவி சாமர்த்தியமாக ஒரு ஆரம்ப மதிப்பை அழித்துவிட்டு, "வேறு விடை வருகிறதே, பார்" என்று நீட்டும். சுருங்கிய கோடு குப்பையாகிவிடும். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு சுற்றிலும் சானிடைசர் சோதனையும் இருக்க வேண்டும்.

ஒற்றை ஃபங்ஷன் அளவுக்கு வந்ததும் மாற்றத்துக்கு முந்தைய ஐஆரையும் பிந்தைய ஐஆரையும் அலைவ்2-இடம் (மாற்றம் சரியா என்று நிரூபிக்கும் கருவி) கொடுங்கள். மாற்றம் தப்பு என்றால் எந்த உள்ளீட்டுக்குத் தப்பு என்று எண்ணோடு சொல்லும். "வேல்யூ மிஸ்மேட்ச்" என்றால் விடையே வேறு. "டார்கெட் இஸ் மோர் பாய்சனஸ் தேன் சோர்ஸ்" என்றால் முன்பு நல்ல மதிப்பு இருந்த இடத்தில் இப்போது பாய்சன் (நம்பிப் பயன்படுத்த முடியாத மதிப்பு). 32 பிட்டில் டைம்அவுட் ஆனால் 8 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். 8 பிட்டில் சரியென்றால் எல்லா அகலத்திலும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1 பிட்டை எப்போதும் தனியாகச் சோதியுங்கள். 1 பிட் சைன்டு எண்ணில் உள்ள மதிப்புகள் 0, -1 இரண்டு மட்டும். "1" என்று நினைத்து எழுதிய விதி அங்கே -1 ஆகிவிடும்.

இனி, இந்த அறிகுறிக்குப் பின்னால் பேட்சில் வழக்கமாக ஒளிந்திருப்பவை.

முதலாவது, ஸ்வாப்டு – இன்வர்ஸ் குழப்பம். எல்எல்விஎம்மில் ஒப்பீட்டுக் குறிக்கு (பிரெடிகேட்) இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு: "கெட்ஸ்வாப்டுபிரெடிகேட்", "கெட்இன்வர்ஸ்பிரெடிகேட்". முதலாவது இரு பக்கங்களையும் இடம் மாற்றும்போது வேண்டியது: அ < ஆ என்பது ஆ > அ ஆகும். இரண்டாவது எதிர்மறை: அ < ஆ என்பது அ >= ஆ ஆகும். பெயர்கள் இரண்டுமே "திருப்பிப் போடுவது" போலத்தான் ஒலிக்கின்றன. அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும்.

செலக்ட் (நிபந்தனைப்படி இரண்டு மதிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) ஒன்றின் இரு கிளைகளையும் இடம் மாற்றும் பேட்ச் வருகிறது என்று வையுங்கள். மூலம்: அ < ஆ என்றால் க, இல்லையென்றால் ச. கிளைகளை மாற்ற இன்வர்ஸ் வேண்டும்: அ >= ஆ என்றால் ச, இல்லையென்றால் க. பேட்ச் எழுதியவர் ஸ்வாப்டைக் கூப்பிட்டுவிட்டார். அ > ஆ என்றால் ச, இல்லையென்றால் க என்று வந்துவிட்டது. 3, 5 கொடுத்துப் பாருங்கள்: மூலம் க, புதியதும் க. 5, 3: இரண்டும் ச. ரன்டைம் டெஸ்ட் பாஸ், எல்லாருக்கும் சந்தோஷம். 4, 4 கொடுங்கள்: மூலம் ச, புதியது க. சமமாக இருக்கும்போது மட்டும் உடைகிறது. இதனால்தான் இந்தப் பிழை ரிவ்யூவையும் டெஸ்டையும் தாண்டிப் போய்விடுகிறது.

ஃப்ளோட்டில் இன்னும் ஒரு படி உண்டு. "ஓஎல்டி", அதாவது ஆர்டர்டு லெஸ்-தேன், அதன் இன்வர்ஸ் "ஓஜிஇ" அல்ல, "யுஜிஇ" (அன்ஆர்டர்டு கிரேட்டர்-ஆர்-ஈக்வல்). ஒரு பக்கம் NaN (எண் அல்லாத மதிப்பு) வந்தால் ஓஎல்டி பொய்; ஓஜிஇ-யும் பொய். இரண்டும் பொய்யாக இருந்தால் ஒன்று இன்னொன்றின் எதிர்மறையாக இருக்க முடியாது. பேட்சில் யாராவது கையாலேயே ஸ்விட்ச் போட்டு ஓஎல்டிக்கு எதிரே ஓஜிஇ எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ரிவ்யூவில் கேட்க வேண்டியது: முடிவை வைத்திருக்கும் வேரியபிளுக்கு என்ன பெயர்? "நியூபிரெட்" என்று இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. "இன்வர்டட்பிரெட்" என்று மாற்றச் சொன்னால், மாற்றும்போதே எழுதியவருக்குத் தன் தப்பு தெரிந்துவிடும். இதே குடும்பத்தில் இன்னொன்று: எல்ஹெச்எஸ் (இடப்பக்கம்), ஆர்ஹெச்எஸ் (வலப்பக்கம்) இரண்டையும் "ஸ்வாப்" செய்துவிட்டு பிரெடிகேட்டைத் தொடாமல் விடுவது. பேட்சில் ஸ்வாப் என்ற சொல் வந்தால் அடுத்த ஐந்து வரிக்குள் பிரெடிகேட்டும் மாறுகிறதா என்று கண் தானாகத் தேட வேண்டும்.

இரண்டாவது, ஃப்ளாக்குகளைச் சுமந்து போவது. (அ + ஆ) + இ என்பதை அ + (ஆ + இ) என்று மாற்றும் பேட்ச், பழைய கூட்டலில் இருந்த என்எஸ்டபிள்யூ (சைன்டு ஓவர்ஃப்ளோ ஆகாது என்ற உறுதி) ஃப்ளாக்கைப் புதியதற்கும் ஒட்டுகிறது. 8 பிட்டில் அ = -100, ஆ = 100, இ = 100 என்று வையுங்கள். பழைய வரிசையில் 0, பிறகு 100. எங்கும் ஓவர்ஃப்ளோ இல்லை. புதிய வரிசையில் ஆ + இ = 200; 8 பிட் சைன்டில் உச்சம் 127. ஓவர்ஃப்ளோ ஆகாது என்று ஃப்ளாக் சத்தியம் செய்திருக்கிறது, ஆகிவிட்டது, விடை பாய்சன். பேட்சில் "காப்பிஐஆர்ஃப்ளாக்ஸ்" என்று கண்டால் ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் தனித்தனி அலைவ்2 நிரூபணம் கேளுங்கள். நிரூபணம் வரவில்லையா, ஃப்ளாக்கைக் கைவிடுவது எப்போதும் சரியான விடை. வேகம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவே.

மூன்றாவது, "செலக்ட் அ, ஆ, பொய்" என்பதை "அ ஆண்ட் ஆ" என்று மாற்றுவது. உண்மை அட்டவணை போட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அ பொய்யாக இருந்து ஆ பாய்சனாக இருந்தால், செலக்ட் ஆவைத் தொடுவதில்லை, பொய் என்று சொல்லிவிடும். ஆண்ட் பாய்சன் ஆகிவிடும். ஆ பாய்சன் ஆகாது என்று நிரூபிக்க வேண்டும், அல்லது ஃப்ரீஸ் (பாய்சனை ஏதோ ஒரு நிலையான மதிப்பாக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) போட வேண்டும். ஃப்ரீஸ் 2020-ல் எல்எல்விஎம் 10-ல் வந்தது. அதற்கு முந்தைய பழக்கத்தில் எழுதப்பட்ட கோடை அப்படியே காப்பியடித்து வரும் பேட்சுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அறிகுறி: நிபந்தனையைத் தலைகீழாக்கிய பிறகு மிஸ்கம்பைல் (தப்பான கோடு உருவாதல்)

பேட்ச் சிறியது. ஒரு "இஃப்"-ஐத் திருப்பி, சீக்கிரம் வெளியேறும்படி எழுதியிருக்கிறார்கள். படிக்க அழகாக இருக்கிறது. மறுநாள் பில்ட்பாட் (தானாக பில்ட் செய்து சோதிக்கும் மெஷின்) சிவப்பு.

காரணம் பெரும்பாலும் மூன்று விடை உள்ள கேள்வியை இரண்டு விடை உள்ளதாக எடுத்துக்கொண்டது. "இஸ்நோன்நான்ஜீரோ" ட்ரூ தந்தால் "பூஜ்யம் இல்லை என்று நிரூபித்துவிட்டேன்". ஃபால்ஸ் தந்தால் "பூஜ்யம்" என்று பொருள் அல்ல. "தெரியவில்லை" என்று பொருள். எல்எல்விஎம் பெயரிலேயே "நோன்" (Known, தெரிந்தது) என்று போட்டிருப்பது அதற்காகத்தான். ஒரு பேட்ச் இதைச் சுற்றி உள்ளூர் உதவி ஃபங்ஷன் ஒன்று எழுதி அதற்கு "இஸ்நான்ஜீரோ" என்று பெயர் வைத்தால், அந்த ஐந்து எழுத்துச் சுருக்கத்தில் பாதுகாப்பு போய்விட்டது. அடுத்தவர் "!இஸ்நான்ஜீரோ" என்று எழுதி, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. பெயர் அப்படித்தான் சொன்னது.

ரிவ்யூ விதி இது: ட்ரூ நிரூபணம் என்றால் பெயரில் "நோன்", "கியாரன்டீடு", "மஸ்ட்" இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். ஃபால்ஸ்தான் நிரூபணம் என்றால் "மே". ஒன்றை மறுத்து இன்னொன்றாக்கினால் பெயரும் தாவ வேண்டும்: "நோன் நான்ஜீரோ" மறுக்கப்பட்டால் "மே பி ஜீரோ". இந்தத் தாவல் இல்லாமல் வரும் பெயர்மாற்றம் எதுவானாலும் நிட் அல்ல. தடுத்து நிறுத்த வேண்டியது.

ஏலியாஸ் அனாலிசிஸில் (இரண்டு பாயின்டர்கள் ஒரே மெமரியைத் தொடுமா என்று பார்ப்பது) விடை நான்கு: நோஏலியாஸ், மேஏலியாஸ், பார்ஷியல்ஏலியாஸ், மஸ்ட்ஏலியாஸ். "நோஏலியாஸ் இல்லை" என்பதை "ஒரே இடம்" என்று எடுத்துக்கொள்ளும் கோடு இன்றும் பேட்சுகளில் வருகிறது. இரண்டு இடங்களும் ஒன்று என்று சொல்ல மஸ்ட்ஏலியாஸ் மட்டுமே சாட்சி.

இன்னும் நுணுக்கமானது "ஆப்ஷனல்<பூல்>". "இஸ்இம்ப்ளைடுகண்டிஷன்" இந்த டைப்பைத் தருகிறது: ட்ரூ, ஃபால்ஸ், அல்லது காலி. அதை வேரியபிளில் வாங்கி "இஃப் (இம்ப்ளைடு)" என்று எழுதினால், கேட்கப்படுவது "விடை இருக்கிறதா" என்பதே. "விடை ட்ரூவா" என்பது அல்ல. ஃபால்ஸ் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட இடத்திலும் உள்ளே நுழைந்துவிடும். சி++ கம்பைலர் இதற்கு ஒரு எச்சரிக்கையும் தராது. "ஆப்ஷனல்<பூல்>" தரும் ஃபங்ஷன் பேட்சில் கண்டால், நட்சத்திரக் குறியோ சமன் ஒப்பீடோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பெரிய அல்லது விசித்திரமான டைப்பில் மட்டும் விழுகிறது

அசெர்ட்டில் "டூ மெனி பிட்ஸ் ஃபார் யுஇன்ட்64_டி" என்று வந்தால், ஏபிஇன்ட் (எந்த அகலத்து எண்ணையும் வைத்திருக்கும் டைப்) ஒன்றிலிருந்து "கெட்ஜெட்எக்ஸ்ட்வேல்யூ" எடுத்திருக்கிறார்கள். மதிப்பு 64 பிட்டில் அடங்கவில்லை. 128 பிட் கான்ஸ்டன்டை வைத்து ஒரு டெஸ்ட் கேளுங்கள். திருத்தம் ஏபிஇன்ட் ஆகவே வைத்துக் கணக்கிடுவது. "64-க்கு மேல் என்றால் விட்டுவிடு" என்ற காவல் வரி இரண்டாம்பட்சம்.

கிராஷ் இல்லாமல் தப்பான எண் வந்தால் இரண்டு இடம் பாருங்கள். "கான்ஸ்டன்ட்இன்ட்::கெட்" மூன்றாவதாக வாங்கும் "இஸ்சைன்டு" தானாக ஃபால்ஸ். அங்கே -1 கொடுத்தால் 64 பிட்டில் வித்தியாசம் தெரியாது. 128 பிட்டில் மேல் 64 பிட்டும் பூஜ்யமாகி, -1 என்று நினைத்தது 2-ன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்று ஆகிவிடும். இரண்டாவது, "1 << அகலம்" என்ற பழைய பழக்கம். இடப்பக்க 1 சாதாரண இன்ட். அகலம் 32-ஐத் தொட்டாலே அது வரையறுக்கப்படாத செயல். 1-க்குப் பின்னால் யுஎல்எல் (64 பிட் எண் என்ற குறி) ஒட்டுவது வரம்பை 64-க்குத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான்.

"சைஸ்" என்ற பெயருக்கு வருவோம். பேட்சில் வெறுமனே "சைஸ்" என்று ஒரு வேரியபிள் இருந்தால் கேள்வி கேட்காமல் தாண்டக் கூடாது. எந்த சைஸ்? எக்ஸ்86-64-ல் 80 பிட் ஃப்ளோட்டை எடுங்கள். பிட் கணக்கு 80. மெமரியில் எழுதப்படுவது, அதாவது ஸ்டோர் சைஸ், 10 பைட். அரேயில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம், அதாவது அலாக் சைஸ், 16 பைட். ஒரே டைப்புக்கு மூன்று எண், மூன்றுக்கும் வேரியபிள் பெயர் "சைஸ்". ஒரு ஸ்டோரை இன்னொன்று முழுவதும் மூடுகிறதா என்று ஒப்பிடும் இடத்தில் ஒரு பக்கம் பிட், மறுபக்கம் பைட் என்று கலந்தால், தேவையான ஸ்டோர் காணாமல் போகும். "சைஸ்இன்பிட்ஸ்", "ஸ்டோர்சைஸ்", "அலாக்சைஸ்" என்று பெயரில் அலகு ஏறும்வரை ஒப்புதல் தராதீர்கள். நீண்ட பெயர் அசிங்கம் என்பார்கள். இருக்கட்டும்.

அளவு ஓடும்போதுதான் தெரியும் ஸ்கேலபிள் வெக்டர்களில் நிலையான எண்ணைக் கேட்டால் தனி அசெர்ட் வரும். அங்கே "டைப்சைஸ்" ஆகவே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் அந்த டைப்பை முன்கூட்டியே விலக்க வேண்டும்.

அறிகுறி: கம்பைல் முடியவே மாட்டேன் என்கிறது

இன்ஸ்ட்கம்பைனில் ஒரு விதி ஒரு உருவத்தை இன்னொன்றாக்குகிறது, இன்னொரு விதி அதை மீண்டும் பழைய உருவமாக்குகிறது. இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்ந்தால் ஊஞ்சல்.

"-டீபக்-ஒன்லி=இன்ஸ்ட்கம்பைன்" போட்டு வெளியீட்டை ஒரு சில விநாடி மட்டும் ஃபைலில் பிடியுங்கள்; ஜிபி கணக்கில் வளரும். "ஐசி: ஓல்டு", "நியூ" வரிகள் இரண்டு மாறி மாறி வருவது கண்ணுக்கே தெரியும். எந்த இரண்டு விதிகள் என்று அங்கிருந்தே பிடித்துவிடலாம்.

புதிய பேட்சில் முதலில் சந்தேகிக்க வேண்டியது "எம்_கான்ஸ்டன்ட்" மேட்சர் (கோடின் உருவத்தைப் பொருத்திப் பார்க்கும் உதவி). பெயரைக் கேட்டால் 5, 7 போன்ற எண் நினைவுக்கு வரும். அது கான்ஸ்டன்ட் எக்ஸ்பிரஷனையும் பிடிக்கும். குளோபல் ஒன்றின் முகவரியை இன்டிஜராக்கிய கோவை மாதிரி, மேற்கொண்டு மடங்காதவற்றையும். விதி "இதை மடக்கிவிட்டேன்" என்று எழுதித் தர, வெளியே வருவது பழைய உருவமே. "எம்_இம்கான்ஸ்டன்ட்" வேண்டும். வெக்டர் கான்ஸ்டன்டில் சில லேன்கள் (வெக்டரின் தனித்தனி இடங்கள்) பாய்சனாக இருக்கும் டெஸ்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஊஞ்சல் இல்லாமல் "ஃபிக்ஸ்பாயின்டை எட்டவில்லை" (இன்னும் மாற்ற மீதி இருக்கிறது) என்று எர்ரர் வந்தால் விஷயம் வேறு. 2023 முதல் இன்ஸ்ட்கம்பைன் ஒரே சுற்றுதான் ஓடுகிறது. ஒரு விதி தான் தொட்ட இன்ஸ்ட்ரக்ஷனை ஒர்க்லிஸ்டில் (மறுபடி பார்க்க வேண்டியவற்றின் பட்டியல்) சேர்க்க மறந்தால் இந்த எர்ரர். பேட்சில் ஆபரண்டை நேரடியாக "செட்ஆபரண்ட்" வைத்து மாற்றியிருப்பார்கள். "ரீபிளேஸ்ஆபரண்ட்" உதவியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சோதனையை அணைக்கும் ஆப்ஷனை டெஸ்டில் போட்டு வாயடைக்கும் பேட்சை ஏற்காதீர்கள்.

அறிகுறி: ஒரே சோர்ஸ், ஓட்டும் போதெல்லாம் வேறு வெளியீடு

பாயின்டரைச் சாவியாக வைத்த டென்ஸ்மேப் அல்லது ஸ்மால்பிடிஆர்செட்டின் (எல்எல்விஎம்மின் மேப், செட் வகைகள்) மேல் "ஃபார்" ஓடுகிறது. முகவரி மாறும்போது வரிசை மாறுகிறது. ரிவ்யூவில் டைப்பைப் பார்த்தாலே போதும். லூப் வேண்டுமென்றால் மேப்வெக்டர், செட்வெக்டர் (சேர்த்த வரிசையை மாற்றாதவை). சந்தேகம் தீர "எல்எல்விஎம்_ரிவர்ஸ்_இடரேஷன்" ஆன் செய்த பில்டில் டெஸ்ட் ஓட்டுங்கள்; வரிசையை நம்பியவை உடனே விழும்.

அதே டென்ஸ்மேப்பில் இன்னொரு கண்ணி: "மேப்[அ] = மேப்[ஆ]". வலப்பக்கம் ஒரு ரெஃபரன்ஸ் தருகிறது. இடப்பக்கம் புதிய சாவியைச் சேர்க்கும்போது மேப் வளர்ந்து, அந்த ரெஃபரன்ஸ் செத்த மெமரியைக் காட்டுகிறது. மேப் வளரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் உடையும் என்பதால் சிறிய டெஸ்டில் வராது. ஏசான் பில்ட் பிடிக்கும். மதிப்பை முதலில் தனி வேரியபிளில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரிலீஸ் பில்டில் மட்டும் வித்தியாசம் என்றால் அசெர்ட்டுக்குள் வேலை செய்யும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். "அசெர்ட்(செட்.இன்சர்ட்(எக்ஸ்).செகண்ட்)" என்று எழுதினால் ரிலீஸில் அந்த இன்சர்ட்டே கிடையாது.

-ஜி (டீபக் தகவல் சேர்க்கும் ஆப்ஷன்) போட்டால் கோடு மாறுகிறது என்றால், "இத்தனை இன்ஸ்ட்ரக்ஷன் வரை தேடு" என்ற வரம்பை எண்ணும் லூப்பைப் பாருங்கள். டீபக் தகவலையும் சேர்த்து எண்ணியிருக்கும். எல்எல்விஎம் 19-லிருந்து டீபக் தகவல் இன்ஸ்ட்ரக்ஷனாக இல்லாமல் தனிப் பதிவாகத்தான் வருகிறது, அதனால் இந்தத் தொல்லை அங்கே குறைந்திருக்கிறது. ஜிசிசியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "-எஃப்கம்பேர்-டீபக்" போட்டுப் பாருங்கள். ஜிசிசி பூட்ஸ்ட்ராப்பின் (கம்பைலர் தன்னைத்தானே கட்டிக்கொள்வது) இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் டீபக் தகவலை நீக்கிய பின் பைட்டுக்கு பைட் ஒப்பிடப்படுகின்றன. அதில் ஒன்று டீபக் தகவலோடும் மற்றது இல்லாமலும் கட்டப்படுகிறது. "பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெயிலியர்!" என்று நின்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

அறிகுறி: டெஸ்ட் பச்சை, ஆனால் எதையும் சோதிக்கவில்லை

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பேட்சில் உள்ள சோர்ஸ் மாற்றத்தை மட்டும் பின்வாங்கி, டெஸ்டை அப்படியே ஓட்டுங்கள். டெஸ்ட் இன்னும் பாஸ் என்றால் அது டெஸ்ட் இல்லை.

ஏன் பாஸ் ஆகிறது? பலமுறை டெஸ்டில் வைத்த பெயரால். ஃபங்ஷனுக்கு "டெஸ்ட்_ஆட்" என்று பெயர் வைத்துவிட்டு, "செக்: ஆட்" என்று எழுதினால் ஃபைல்செக் ("செக்" வரிகள் வெளியீட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கருவி) அந்த ஃபங்ஷன் பெயரிலேயே "ஆட்" கண்டு திருப்தியாகிவிடும். கூட்டல் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. "செக்-லேபல்: @ஃபூ" என்பது "@ஃபூ2"-வையும் பிடிக்கும், பெயருக்குப் பின் திறப்பு அடைப்புக்குறியையும் சேர்த்து எழுத வேண்டும். "செக்-நாட்: கால் @ஃபூ" எப்போதுமே பாஸ், ஏனென்றால் ஐஆரில் கால் என்ற சொல்லுக்கும் @ குறிக்கும் நடுவே திரும்பும் டைப் வரும்; நீங்கள் தடுத்த வரி உலகத்தில் எங்குமே இல்லை. "செக்" என்ற சொல்லில் எழுத்து முன்பின்னாகிவிட்டால் பெரும்பாலும் அந்த வரி வெறும் கமென்ட்.

கையால் செக் எழுதாமல் "அப்டேட்_டெஸ்ட்_செக்ஸ்" ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்வது இதற்கு நல்ல மருந்து. அதற்கும் பக்கவிளைவு உண்டு: கம்பைலர் என்ன துப்பினாலும் அதையே சரி என்று முத்திரை குத்தும். அதனால் பழைய கம்பைலரின் வெளியீட்டோடு டெஸ்டை முதல் கமிட்டாக வைத்து, பேட்சை இரண்டாவது கமிட்டாக வைக்கச் சொல்லுங்கள். அப்போது ரிவ்யூவில் தெரிவது மாறிய வரிகள் மட்டும்; ஒவ்வொன்றையும் கண்ணால் நியாயப்படுத்த முடியும். மதிப்புகளுக்கு "%டிஎம்பி" என்று பெயரிட்டிருந்தால் ஸ்கிரிப்ட் தான் உருவாக்கும் பெயர்களோடு மோதும் என்று எச்சரிக்கும். வேறு பெயர் வையுங்கள்.

விதியில் நிபந்தனை எத்தனையோ, அத்தனை மறுப்பு டெஸ்ட் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் உடையுங்கள்.

அறிகுறி: "என்எஃப்சி" என்றார்கள், டெஸ்ட் மாறியது

என்எஃப்சி, செயல்பாட்டில் மாற்றம் இல்லை என்ற வாக்குறுதி. டெஸ்ட் ஃபைல் ஒன்று மாறியிருந்தாலும் அந்தச் சொல்லைக் கமிட் தலைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

வெறும் பெயர்மாற்றம் என்று வரும் 60 ஃபைல் பேட்சை வரிவரியாகப் படிப்பது வீண். ஐந்தாவது ஃபைலிலேயே கண் சொக்கிவிடும். மெஷினிடம் கொடுங்கள்:

1. பேட்சுக்கு முந்தைய கமிட்டை எடுத்து, பழைய பெயரைப் புதிய பெயராக மாற்றும் செட் (sed) கட்டளையை முழுச்சொல் எல்லையோடு ஓட்டுங்கள்.
2. மாறிய வரிகளுக்கு மட்டும் கிளாங்-ஃபார்மட் போடுங்கள்.
3. உங்களிடம் வந்த பேட்சோடு டிஃப் எடுங்கள். காலி என்றால் ஒப்புதல். மீதி இருப்பதுதான் நீங்கள் படிக்க வேண்டியது, சாதாரணமாக ஒரு திரைக்குள் அடங்கும்.

டிஃப் காலியாக இருந்தும் உடையும் இடங்கள் மூன்று. ஓவர்ரைடு என்ற சொல் போடாத விர்ச்சுவல் ஃபங்ஷன்: அடிப்படை கிளாஸில் பெயர் மாறி, வாரிசு கிளாஸில் மாறாமல் விட்டால் கம்பைல் ஆகும், கூப்பிடப்படாது. எக்ஸ்86 மட்டும் பில்ட் செய்து சோதித்தது: எம்68கே மாதிரி சோதனை நிலையில் உள்ள டார்கெட்டுகள் "ஆல்" என்று போட்டாலும் பில்டில் சேராது, அவற்றைத் தனி ஆப்ஷனில் கேட்க வேண்டும். மூன்றாவது, ஸ்டிரிங்காக வாழும் பெயர்கள்: "டீபக்_டைப்" மாறினால் அதை நம்பிய "-டீபக்-ஒன்லி" டெஸ்டுகள் சத்தமின்றிக் காலியாகும், கட்டளை வரி ஆப்ஷன், பாஸ் பெயர், சி ஏபிஐ ஆகியவை வெளியே இருப்பவர்கள் நம்பியிருக்கும் பெயர்கள், அவற்றை என்எஃப்சி பேட்சில் தொடவே கூடாது.

முழு நிச்சயம் வேண்டுமென்றால், பழைய கம்பைலராலும் புதியதாலும் எல்எல்விஎம் டெஸ்ட்-சூட்டைக் கட்டி ஆப்ஜெக்ட் ஃபைல்களின் ஹாஷை ஒப்பிடுங்கள். ஒரு ஃபைல் மாறினாலும் அது என்எஃப்சி அல்ல.

எந்தப் பெயருக்காகச் சண்டை போடக்கூடாது

எழுத்து நடை அந்தந்தத் திட்டத்துக்கு ஏற்ப மாறும். எல்எல்விஎம் மையக் கோடில் வேரியபிள் பெரிய எழுத்தில் தொடங்கும், ஃபங்ஷன் சிறிய எழுத்தில். எல்எல்விஎம்மின் லிங்கரான எல்எல்டி 2019-ல் வேரியபிளைச் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொண்டது, எம்எல்ஐஆரும் அப்படித்தான். ஜிசிசியில் எல்லாம் சிறிய எழுத்து, நடுவே அடிக்கோடு; ஆம்-இல்லை கேள்விக்கு "_பி" என்று வால் வைப்பார்கள். ஃபைலைச் சுற்றியுள்ள நடையைப் பின்பற்றினால் போதும். "பிபி", "ஐ" போன்ற ஓரிரு எழுத்துப் பெயர்கள் பத்து வரி லூப்புக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். "பெயர் சரியில்லை" என்று எழுதினால் எழுதியவர் ஒத்த சொல் ஒன்றைத் தேடிப் போடுவார், பிழை அப்படியே இருக்கும். "இது ஃபால்ஸ் தந்தால் பூஜ்யம் என்று பொருளா, தெரியாது என்று பொருளா? தெரியாது என்றால் பெயரில் 'நோன்' வேண்டும், 214-ஆம் வரியில் இதை மறுத்திருக்கிறீர்கள், அங்கே 128 பிட் டெஸ்ட் ஒன்றும் சேருங்கள்" என்று எழுதினால் பெயரும் திருந்தும், 214-ஆம் வரியும் திருந்தும்.